சங்கீர்த்தனம் முடிந்த பின் போகவேண்டிய வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு எங்கள் கோயிலில் இருக்க இடமில்லை. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கும் நீண்ட வரிசை. இளம் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பதைக் காண எனக்குப் பெரிய சந்தோசம். ஆனாலும் நெடுங்காலம் மறைக்கல்வி படிப்பித்தவள் என்ற முறையில் மனதில் கிடக்கிற ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சீட்டுப் பிடித்து மற்றவரின் காசை விழுங்கியவர், இரவோடு இரவாக வேலியைத் தள்ளிப் போட்டவர், பேஸ்புக்கில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிக் கதை கட்டிவிட்டவர் என்று எல்லோரும் சங்கீர்த்தனம் செய்கிறார்கள். செய்யத்தான் வேண்டும். அப்புறம் தாங்கள் கேடு செய்த ஆட்களின் வாசலைக் கடந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். கேட்டால், "கடவுளே மன்னிச்சிட்டார், இனி இவைக்கு என்ன?" என்கிறார்கள். திருச்சபை அப்படிப் படிப்பிக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியில் 1459 ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவம் விளைவித்த கேடு எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடாது. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்கவேண்டும் என்று அங்கே தெளிவாக இருக்கிறது.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய, பணக்கார வரி வசூலிப்பாளர் சக்கேயுவின் கதை சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் எது முதலில் நடந்தது என்பதைத்தான் நாங்கள் கவனிப்பதில்லை. அவர் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்க முன்னமே, மரத்தில் இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "இன்று உன் வீட்டில் தங்கவேண்டும்" என்றார் இயேசு. இரக்கம் முந்திக்கொண்டது. அந்த இரக்கம் உள்ளே போனதால்தான் சக்கேயுவின் கை தானாகத் திறந்தது. தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவன், எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது விவிலியத்தின் எண்ணிக்கை நூல். சக்கேயு நாலு மடங்கு தருகிறேன் என்றார். மன்னிப்பை விலைக்கு வாங்க வந்தவர் கணக்குப் பார்த்திருப்பார்; மன்னிப்புக் கிடைத்தவர் கணக்கையே மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2004 சுனாமியில் நாவலடியில் என் மாமியின் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிப் போனது. முகாமில் அவருக்கென்று வந்த தையல் மெஷின், பெயர்ப் பட்டியல் எழுதியவரின் வீட்டுக்குப் போய்விட்டது. மாமி பிறகு பல வருசம் கையால்தான் சட்டை தைத்தார். ஒரு தவக்காலத்துப் பின்னேரம் அந்த மனிதர் எங்கள் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அம்மா, உங்கட மெஷின் என்ட வீட்டிலதான் இருந்தது" என்றார். கையில் ஒரு கடித உறை. சங்கீர்த்தனம் கேட்ட சுவாமி அவரிடம், "அந்த அம்மா இன்னும் இருக்கிறாவா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாராம்.

மாமி கீரைச் சுளகை இறக்கி வைத்துவிட்டு, "உள்ளுக்கு வாங்க மகன்" என்றார். உறையைப் பிரித்துக் காசை எண்ணினார். வேண்டாம் என்று சொல்லுவார் என நினைத்தேன். சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். தேத்தண்ணி குடித்து அவர் போன பிறகு மாமி சொன்னது: "வேணாம் எண்டிருந்தா அவன் அதையும் சுமந்துகொண்டெல்லோ போயிருப்பான்."

திருப்பிக் கொடுக்க முடியாத பாவங்களும் இருக்கின்றன. தாவீது அரசர் தன் படைவீரன் உரியாவைக் கொல்லுவித்தார். உரியாவின் வாசலுக்கு அவரால் போகமுடியாது. 51 ஆம் சங்கீதத்தில் அவர் கொண்டுவருவது நொறுங்கிய உள்ளத்தை மட்டுமே. கடவுள் அதைத் தள்ளவில்லை. யுத்தக் காலத்தில் செய்ததை யாரிடமும் சொல்லமுடியாமல், நற்கருணையும் வாங்காமல் கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். வாருங்கள். இயேசு சொன்ன கதையில் ஊதாரி மகனின் தகப்பன், மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார், அவன் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போய், "கிறிஸ்தவர்கள் மன்னிக்கிறவர்கள்தானே" என்று சொல்லி யாரும் வாயடைக்க வேண்டாம். மன்னிப்பவருக்கும் உண்மையைக் கேட்கிற உரிமை உண்டு.

எங்கள் குருக்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய வெள்ளிக்கு முன் எல்லாப் பங்குகளிலும் ஒரு மறையுரையாவது இதைப் பற்றி இருக்கட்டும். சங்கீர்த்தனத் தொட்டியில் அந்தச் சுவாமி கேட்ட ஒரு கேள்வியையும் கேளுங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவருக்குத் துணையாக நீங்களோ, பங்குச் சபையில் ஒருவரோ கூடவே போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை,
தாண்டவன்வெளி, மட்டக்களப்பு.