பூட்டிய அறைக்குள் இருக்கும் ஸ்கேன் கருவியை அவசரப் பிரிவுக்குத் தாருங்கள்

செட்டிநாட்டுப் பகுதியின் அரசு மருத்துவமனைகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இரவு நேரங்களில் சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதுபற்றிய மனுக்கள் தங்கள் மேசையிலேயே இருப்பதால், அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறியது. அதே மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கிற, சக்கரம் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியை இருபத்து நான்கு மணி நேரமும் அவசரப் பிரிவு மருத்துவரின் கைக்கெட்டும்படி வையுங்கள்.

சென்ற மாதம் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், நாங்கள் ஆச்சி என்று அழைக்கும் என் மூத்த சகோதரி வளவின் ஈரக்கல்லில் வழுக்கி விழுந்தார். எழுந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, இரவுப் பலகாரமும் சாப்பிட்டார். பத்து மணிக்கு மேல் வாந்தி எடுத்தார். பிறகு பேச்சு குழறத் தொடங்கியது. அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார், மருந்து ஏற்றினார், சற்றைக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளான ஓர் இளைஞரும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தார். இரண்டு தலைக்காயங்கள், மதுரைக்குப் போக ஆம்புலன்ஸ் ஒன்று. யாரை முதலில் அனுப்புவது?

“கண் மேல ஸ்கேன் வச்சுப் பார்த்தா கொஞ்ச நேரத்துல ஓரளவு தெரிஞ்சுரும்ங்கய்யா. மெஷின் அந்த ரூம்லதான் இருக்கு, சாவிதான் இல்லை” என்றார் அந்த மருத்துவர். அந்த அறை நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பது தப்படிகூட இல்லை. இரத்தம் வழிந்துகொண்டிருந்த இளைஞரை முதலில் அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தானே முடிவெடுக்க முடியும். அவர் தையலோடு மறுநாளே வீடு திரும்பினார், அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆச்சிக்கு வண்டி கிடைத்தபோது மணி ஒன்றரை. மதுரையில் மண்டையைத் திறந்து, மூளையின் உறைக்கடியில் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்; வலது கை இன்னும் ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. தாமதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவனல்லன்.

ஆனால் அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூளையைச் சூழ்ந்திருக்கும் உறையே கண் நரம்பையும் உறைபோட்டு மூடி, கண்விழியின் பின்புறம் வரை வருகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் மூளையைச் சுற்றியுள்ள நீர் அந்த உறைக்குள்ளும் தள்ளப்பட்டு, அது புடைக்கிறது. மூடிய இமைமேல் ஜெல் தடவி, அழுத்தாமல் கருவியை வைத்து, விழிக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் தள்ளி அந்த உறையின் அகலத்தை அளக்கிறார்கள். பெரியவர்களுக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகம் எழும். 6-ஐ நெருங்கினால் சந்தேகம் வலுக்கும். விழித்திரையில் நரம்பின் முனை வீங்கிக் காட்டுவதற்குப் பல மணி நேரமோ நாள்களோ ஆகலாம், டார்ச் வெளிச்சத்தில் கண்மணி விரிந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும். உறையோ சில நிமிடங்களிலேயே புடைக்கக் கூடியது. இது சி.டி.க்கு மாற்றாகாது, விழியே கிழிந்திருக்கக்கூடும் என்றால் செய்யவும் கூடாது, பழகாத கை அளந்தால் தவறும். யாரை முதலில் அனுப்புவது என்ற கேள்விக்கு, டார்ச்சைவிட இது மேலான துணை.

பூட்டுக்குக் காரணம் 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் என்றார்கள். பெண் பிள்ளைகளைக் காக்க வந்த அந்தச் சட்டத்தை நான் வணங்குகிறேன். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியின் கண்ணுக்குப் பின்னால் ஆணா பெண்ணா என்று யாரும் தேடப் போவதில்லை என்பதை மட்டும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு நகர்த்தக்கூடிய கருவியைப் பயன்படுத்த 2012-இல் வந்த விதித்திருத்தமே இடம் தருகிறது. கண்ணுக்குத் தேவையான தட்டை முகமுள்ள புரோபும், அதாவது உடலின்மேல் வைத்துப் பார்க்கும் முனையும், கருவியோடு வந்து, பெட்டி பிரிக்கப்படாமலேயே இருக்கிறதாம். கருவிக்கு மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, படம் எடுத்த நாளில் அந்தப் பெட்டியையும் யாராவது பிரித்திருக்கலாம். பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊருக்கு ஊர் வழிகாட்டிப் பலகை வைக்கத் தெரிந்த நமக்கு, ஒரு சாவியை எங்கே மாட்டுவது என்பது தெரியவில்லை.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. பணி மருத்துவர்களுக்கு இந்த அளவீட்டில் பயிற்சி கொடுத்து, சட்டப்படி அவர்கள் பெயர்களைப் பதிவில் சேர்த்து, கருவியை இரவிலும் அவசரப் பிரிவுக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதற்கெல்லாம் கோப்பு நகர நாளாகும் என்றால், அதுவரை இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்பதையாவது எழுதி அந்தக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்