பரமசிவத்துக்கு, அம்பையிலிருந்து

அன்புள்ள பரமசிவம்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவன் கல்யாணில் வீடு வாங்கியதும், மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலிக்கு நான் என்ன சொல்ல? காலமெல்லாம் குத்தவைத்து இழைப்புளி தள்ளியவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும், வே?

பேத்தியைப் பற்றி நீ போனில் கேட்டபோது சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செல்வி மகளுக்கு இடது இடுப்பு மூட்டு பிறந்ததிலிருந்தே பொருந்தவில்லையாம். நம் பழைய வீடுகளில் குடுமிக் கதவு இருக்குமே, அதில் குடுமி குழியை விட்டு நழுவி வெளியே நின்றால் எப்படியோ, அப்படித்தான் தொடை எலும்பின் குமிழ் இடுப்புக் குழியில் உட்காராமல் மேலே ஏறி நிற்கிறது. குமிழ் உள்ளே இருந்தால்தான் குழியும் ஆழமாக வளருமாம். இவளுக்குக் குழி தட்டையாகவே நின்றுவிட்டது. வலி துளியும் கிடையாது. ஓடுவாள், ஆடுவாள், லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அதைச் செல்லநடை என்று நினைத்து தெருவே ரசித்தது. அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மாதான் படுக்கவைத்து இரண்டு காலையும் மடக்கிப் பார்த்து, ஒரு முழங்கால் தாழ்ந்து நிற்கிறதே, எக்ஸ்ரே எடுங்கள் என்று சொன்னது. மூன்றரை வயதுக்கு மேல்தான் இது தெரிய வேண்டும் என்றிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை கேள். இவள் வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்த பிள்ளை. கால் முன்னே வந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் இவளைக் கூப்பிட்டு ஏறி மிதிக்கச் சொல்வார்கள். இப்போது டாக்டர் சொல்கிறார், அப்படி இருக்கிற பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும், தலைச்சன் பிள்ளைகளுக்கும்தான் இந்த இடுப்புக் கோளாறு கூடுதலாக வருமாம். இவள் மூன்றும். ஊர் முதுகையெல்லாம் சரி செய்தவள் இடுப்பு இந்த லட்சணத்தில்.

சம்பந்தியம்மாளுக்கு யாரையாவது குறை சொல்லாவிட்டால் சோறு இறங்காது. செல்வி பிள்ளையை எந்நேரமும் இடுப்பில் தூக்கி வைத்துத்தான் கால் போயிற்று என்று ஆரம்பித்தார்கள். டாக்டரிடமே கேட்டேன். காலை விரித்து இடுப்பில் உட்காரவைப்பது மூட்டுக்கு நல்லது. பச்சைப்பிள்ளையின் காலை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுகிற ஊர்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் என்றார். அவர் சொன்னதை அவர்கள் முன்னாலேயே செல்வியிடம் சத்தமாகச் சொன்னேன். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்க்க அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஆபரேஷனைச் சொன்னால் நீ ரசிப்பாய். மேலே ஏறிய குமிழைக் கீழே இழுத்துத் திணித்தால், இறுகிக் கிடக்கிற தசை அதை அழுத்தி, குமிழுக்குப் போகிற ரத்தமே நின்றுவிடலாம். அதனால் தொடை எலும்பில் ஒரு சின்னத் துண்டை அறுத்து எடுத்து நீளத்தைக் குறைக்கிறார்கள். வெட்டின இடத்துக்குத் தகடும் திருகாணியும். அப்புறம் குழிக்கு மேலே இடுப்பெலும்பை அறுத்து, குழி குமிழை மூடுகிற மாதிரி சாய்க்கிறார்கள். அந்த இடைவெளியில் ஆப்பு வைக்க வேண்டுமே, அதற்குத் தொடையில் எடுத்த துண்டேதான்! கழிவே இல்லை. இடுப்பெலும்பை இப்படிச் சாய்க்கிற முறையைக் கனடாவில் சால்ட்டர் என்கிற டாக்டர் 1961இல் எழுதி வைத்தாராம். ஆப்பு நழுவாதா என்று கேட்டேன். கம்பி போட்டு நிறுத்துவோம் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் ஐயா என்று கேட்டார். தச்சு வேலை என்றேன். சிரித்துவிட்டு இன்னொரு படமும் போட்டுக் காட்டினார்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அதற்கு வேண்டிய தாள்களுக்கு மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தார். அது முடிந்த கதை.

தேதிதான் பெரிய சண்டை. டாக்டர் கொடுத்தது ஆடி. சம்பந்தியம்மாள் ஆவணி பிறக்கட்டும் என்றார்கள். ஆடியில் கல்யாணம் வைக்காதே என்றால் சரி, எலும்புக்கு என்ன ஆடி, ஆவணி? வயது கூடக் கூட எலும்பு தானே திருந்துகிற குணம் குறையும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதோடு ஆடியில்தானே இங்கே சாரல் காற்று? மார்புக்குக் கீழிருந்து இடது கணுக்கால் வரைக்கும், வலது பக்கம் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் குறையாது. இதைச் சித்திரை வெயிலில் போட்டுப் பார்! கடைசியில் ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய் சொரிமுத்தையனாரைக் கும்பிட்டு வந்துவிட்டு, அதற்கடுத்த வாரம் பாளையங்கோட்டையில் சேர்ப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகவில்லை. சளி, இருமல் வந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், தள்ளிப்போய்விடும். ஆற்றுக்குக் கூட்டிப் போ தாத்தா என்று அவள் தினமும் நச்சரிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறு ஒன்றுக்கு. அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாமாம். அல்வா வாங்கத் திருநெல்வேலிக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போய்விடலாமாம். உன் தங்கச்சியும் அதற்குத் தலையாட்டினாள். நான் விடவில்லை. கண் விழிக்கும்போது பாதி உடம்பு அசையாது, தொண்டை காய்ந்து கிடக்கும், சுற்றிலும் தெரியாத முகங்கள். அந்த நேரத்தில் வலிக்கும், சரியாகிவிடும் என்று அவள் அம்மா சொன்னால் அவள் நம்ப வேண்டாமா? அல்வா என்று பொய் சொன்னவர்கள் சொல்வதை எப்படி நம்புவாள்?

செல்வி என் கட்சி. பழைய பொம்மை ஒன்றை எடுத்து, பேண்டேஜ் துணியை மைதாப் பசையில் முக்கி இடுப்பிலிருந்து கால்வரை சுற்றினாள். இரண்டு காலுக்கும் நடுவே ஒரு குச்சி. நிஜக் கட்டிலும் அப்படி ஒரு கம்பு வைப்பார்களாம். பிடித்துத் தூக்கத் தோதாக இருக்கும், ஆனால் அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பிள்ளை பசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காயட்டும் என்று மொட்டைமாடியில் வைத்தோம். காய்ந்ததும் தட்டிப் பார்த்துவிட்டு, “இது எப்படி ஒண்ணுக்குப் போவும்?” என்று கேட்டாள். நாங்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி அதுதான். அடுத்த தடவை போனபோது நர்ஸம்மா செய்தே காட்டினார்கள்: சின்ன டயாபரைக் கட்டுக்குள் செருகி, மேலே பெரிய டயாபரைக் கட்ட வேண்டும். இரவிலும் எழுந்து திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அரிக்கிறது என்று பென்சில், குச்சி எதையும் உள்ளே விடக்கூடாது. விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே ஓடி வர வேண்டும். இப்போது அவளே பொம்மையைத் திருப்பிப் போட்டு, “விரலைக் காட்டு” என்று மிரட்டுகிறாள். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி, “அம்மா உள்ளே வருவாளா?” என்று கேட்கிறாள். தூங்குகிற வரைக்கும் அம்மா இருப்பாள், முழிக்கும்போதும் இருப்பாள் என்று சொல்லியிருக்கிறோம்.

உன் தங்கச்சி தன் பங்குக்கு இடுப்புக்கு உளுந்து என்று கருப்பட்டி போட்டுக் களி கிண்டி ஊட்டினாள். எடை ஏற்றாதீர்கள், கட்டோடு தூக்கப்போவது நீங்கள்தான், மலச்சிக்கலும் வரும் என்று நர்ஸம்மா சொன்ன பிறகு கீரைக்கும் பப்பாளிக்கும் மாறியிருக்கிறாள். என் கவலை ஆபரேஷன் அன்றைக்குத்தான். சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை. பிள்ளை முகம் வாடுதே என்று இந்த இரண்டு பாட்டிகளில் ஒருத்தி ஒரு பிஸ்கட்டை நீட்டிவிடக்கூடாது. அன்று காலையில் பாட்டிகளுக்கு நான் காவல்.

திரும்பும்போது ஆட்டோ, பஸ் ஒன்றும் ஆகாது, படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பாளையிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர், வேகத்தடையைக் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் வேனில் பின்சீட்டைக் கழற்றித் தருகிறேன் என்றிருக்கிறான்.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் முழுக்க மோட்டைப் பார்த்துப் படுத்துக் கிடக்க முடியுமா? குப்புறப் படுத்துக் கையால் தரையைத் தள்ளிப் போகிற மாதிரி ஒரு தள்ளுபலகை செய்கிறேன். பிளைவுட் அறுத்து, ஓரத்தை உருட்டி, மார்புக்கு இலவம்பஞ்சு தலையணையும் தைத்தாயிற்று. கை தரையில் படுகிற உயரம் வேண்டும், அதனால் சக்கரம் சின்னதாக இருக்க வேண்டும். இங்கே கடைகளில் கட்டிப் பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது. தரையில் உருட்டினால் அதிர்கிறது, அவளுக்குத் தையலில் வலிக்கும். உன் பட்டறைப் பக்கம் நல்ல ரப்பர் சக்கரம் கிடைக்குமே, இரண்டு அங்குலத்தில் நாலு அனுப்பு, இரண்டுக்குப் பிரேக் இருக்கட்டும். பார்சல் வந்து சேருமுன் தட்டின் துளை அளவை மட்டும் போனில் சொல்லிவிடு, நான் துளை போட்டு வைத்திருப்பேன். காசு எவ்வளவு என்று எழுது. வேண்டாம் என்று மட்டும் எழுதாதே.

மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஆறுமுகம்