கீழ்வீட்டு நெசவாளி

தம்பெரே, பின்லாந்து
மே 18

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்ற வரியைப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவரை மாடிப்படி ஏறவிடாதே. பாப்பா வரைந்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மதிப்பெண்ணை நினைத்து அவளைக் கடிந்துகொள்ளாமல், அந்தக் கைக்கு ஏற்ற படிப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடு.

"அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். சென்ற செப்டம்பரில் கேட்டிருந்தால் யாருமில்லை என்றுதான் எழுதியிருப்பேன். அப்போது நான் கடிதமே எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் அதுதான். இப்போது சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார். கீழ்வீட்டில் குடியிருக்கும் எண்பத்தோரு வயது அம்மா ஒருவர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது தம்பெரே. மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் பதினெட்டு மீட்டர் உயர வித்தியாசம். அந்தத் தண்ணீர் ஊரின் நடுவே இரைந்துகொண்டு இறங்குகிறது. அதன் இரு கரைகளிலும் செங்கல் ஆலைகள், உயர்ந்த புகைபோக்கிகள். ஆகஸ்டில் வந்து இறங்கிய மறுநாள் பாலத்தில் நின்று அவற்றைப் பார்த்தபோது, சிங்காநல்லூரில் நாம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பாதைதான் கண்ணுக்குள் வந்தது. 1820இல் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே தொடங்கிய தொழிற்சாலை பிறகு பெரிய பருத்தி ஆலையாக வளர்ந்தது. 1882இல் அதன் நெசவுக் கூடத்தில் எடிசனின் மின்விளக்குகள் எரிந்திருக்கின்றன. அந்தக் கூடத்தில் இன்று சினிமா அரங்கம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் இந்த ஊரைச் செல்லமாக 'மான்செ' என்கிறார்கள். மான்செஸ்டர் என்பதன் சுருக்கம். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எது என்ற கேள்விக்கு விடை எழுதி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? நமக்கு நீலகிரியில் உள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. இவர்களுக்கு வீட்டு வாசலிலேயே தண்ணீர் விழுந்தது.

செப்டம்பர் முழுவதும் இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. இந்த நிறம் மாறும் காலத்துக்கு 'ருஸ்கா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் அப்போது எனக்கு அதை ரசிக்கும் மனநிலை இல்லை. என் கணவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். எங்கள் கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். லிப்டில் யாராவது ஏறினால் தலையை மட்டும் அசைப்பார்கள். என் மேல் கோபமோ என்று முதலில் நினைத்தேன். பிறர் அமைதியைக் கெடுக்காமல் இருப்பதை இவர்கள் மரியாதையாக நினைக்கிறார்கள் என்பது புரியப் பல வாரங்கள் ஆயின.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை, கறுப்புக் கோட்டு அணிந்து கடைக்குக் கிளம்பினேன். கீழே கதவருகில் அந்த அம்மா என்னைத் தடுத்து நிறுத்தினார். "ஆட்டோ, ஆட்டோ" என்று தெருவைக் காட்டினார். கார் என்பதற்கு அவர்கள் மொழியில் அந்தச் சொல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பையிலிருந்து கயிறு கோத்த சின்ன வெள்ளை வில்லையை எடுத்து, குனிந்து, நடுங்கும் விரல்களால் என் கோட்டுப் பையின் ஓரத்தில் ஊக்கால் குத்தினார். கார் விளக்கு பட்டால் பளீரென்று மின்னும் வில்லை அது. இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. குத்தி முடித்ததும் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். அம்மிணி, ஒரு மாதமாக என்னை யாரும் தொட்டுப் பேசியிருக்கவில்லை. கடைக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.

அந்த மாதமே தீபாவளி. நான் கிளம்பும்போது நீ சிறுமுகையில் எடுத்துக் கொடுத்தாயே, பாசி நிறக் கோரா சேலை, அதைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தட்டில் முறுக்கும் ரவா லட்டும். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெல்லத் தேய்த்தார். பிறகு திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். என்னை விளக்கடிக்கு இழுத்துப் போனார். மேசை இழுப்பறையிலிருந்து மடக்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துத் துணி மேல் வைத்தார். நம் அப்பாக்கள் நூல் எண்ண வைத்திருப்பார்களே, அதேபோன்ற கண்ணாடி! உதடு அசைய எண்ணினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பதினாறு வயதில் ஆலையில் தறிக்குப் போனவராம் அவர்.

முந்தானைக்கு ஒரு முழம் கீழே ஓரிடத்தை நகத்தால் காட்டினார். குறுக்கே ஓடும் ஊடை நூல் அங்கே ஒரு கோடு போலக் கொஞ்சம் நெருங்கியிருந்தது. அத்தனை நாள் என் கண்ணில் பட்டதே இல்லை. நெய்தவர் அந்த இடத்தில் தறியை விட்டு எழுந்து போயிருக்கிறார், திரும்பி வந்து முதல் அடியைக் கொஞ்சம் பலமாக அடித்துவிட்டார் என்று கையாலேயே அபிநயித்துக் காட்டினார். அதன்பிறகுதான் லட்டை எடுத்துச் சாப்பிட்டார்.

அவரை நான் 'மும்மோ' என்கிறேன். பாட்டி என்று பொருள். இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். நம் அம்மிச்சி வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. அவருக்கு அது பிடித்துவிட்டது.

மொழி படிக்க வகுப்புக்குப் போகிறேன் என்று முன்பே சொன்னேன் அல்லவா? வகுப்பில் உக்ரைன், ஈராக், வியட்நாம் என்று பல நாட்டுப் பெண்கள். மதியம் டப்பாக்களைத் திறந்து எல்லோரும் பகிர்ந்துதான் சாப்பிடுகிறோம். ஆனால் உண்மையில் எனக்கு மொழி கற்றுக்கொடுத்தவர் மும்மோதான். தறிகள் ஓடும் கூடத்தில் பேச்சு காதில் விழாது, அதனால் அங்கே வேலை செய்தவர்கள் வாயை நன்றாகத் திறந்து, உதட்டால் வடிவம் காட்டிப் பேசிப் பழகியிருக்கிறார்கள். மும்மோவுக்கு ஒரு காது முற்றிலும் போய்விட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் பேசினால் ஒவ்வோர் எழுத்தும் கண்ணுக்குத் தெரிகிறது. உன் அப்பா வாசலில் நின்று கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும், என் அப்பாவோ சாப்பாட்டின்போது பேசுவதைக்கூடக் கையைக் காட்டித்தான் பேசுவார். மில் சங்கு ஊதி ஷிப்டு முடிந்த பிறகும் அவர்கள் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்திருக்கும் என்பது எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

மொழியும் நாம் பயந்த அளவுக்கு அந்நியமாக இல்லை. 'துலி' என்றால் தீ, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். படம், பாடம், பட்டம் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய காதுக்கு இதில் சிரமமே இல்லை. 'தலோ' வீடு, 'தலோஸ்ஸா' வீட்டில், 'தலோஸ்தா' வீட்டிலிருந்து. நம்மைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் 'கோ' சேர்க்கிறார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த வகுப்புத் தோழி ஒருத்தி திணறும் இடத்தில் நமக்கு வழி தெரிகிறது.

நவம்பருக்கு இவர்கள் வைத்த பெயர் 'மர்ராஸ்கூ'. இறந்துபோவதைக் குறிக்கும் மாதம். பனி விழாமல் மழை மட்டும் பெய்யும், தரை கறுத்துக் கிடக்கும். டிசம்பர் இறுதியில் சூரியன் காலை ஒன்பதரைக்கு மேல் வந்து, மதியம் மூன்று மணிக்குப் போய்விடுகிறது. நம் ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே பதினான்கு மணி நேரம்! உடம்பு குழம்பிப் போகிறது. நான் பகல் முழுவதும் படுத்தே கிடந்த நாட்கள் உண்டு. மும்மோ மாடியேறி வந்து கதவைத் தட்டி, ஏலக்காய் மணக்கும் ரொட்டி கொடுத்துவிட்டுப் போவார். இவர்கள் இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் சேர்க்கிறார்கள். முதல் நாள் அந்த மணம் வந்தபோது வீட்டில் யாரோ பாயசம் வைக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை அவருடன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அன்று குடும்பம் குடும்பமாக எல்லோரும் போய்த் தங்கள் மனிதர்களின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பனிக்கு மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சுடர்கள். அவர் கணவரின் கல்லறையில் ஒன்று ஏற்றினோம். பையில் இன்னொன்று இருந்தது. என்னைக் கையைப் பிடித்து இன்னோர் இடத்துக்கு அழைத்துப் போனார். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்கென்று அங்கே ஒரு பொது நினைவிடம் வைத்திருக்கிறார்கள். தம்மவர்கள் தொலைவில் புதைக்கப்பட்டிருந்தால் அங்கே விளக்கு வைக்கலாம். மெழுகுவத்தியை என் கையில் கொடுத்து, "இஸா" என்றார். அப்பா.

பேரூர் படித்துறையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த அன்று நீதான் என் பின்னால் நின்றிருந்தாய். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளில் அவருக்கென்று நான் கையால் ஏற்றிய முதல் விளக்கு அது. காற்றில் இரண்டு முறை அணைந்தது. மும்மோ கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் சுற்றி மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் குளிர்காலம் எனக்குக் கனமாக இல்லை. ஜனவரியில் பனி கொட்டியதும் இருட்டே வெளுத்துவிட்டது. பிப்ரவரிக்கு முத்து மாதம் என்று பெயர், மரக்கிளைகளில் பனி உருகி மறுபடி உறைந்து முத்துப்போல் தொங்கும். ஏரி கெட்டிப்பட்டு அதன்மேல் நடந்தே போனோம். ஏப்ரலில் பனி கரைந்து, வழுக்காமல் இருக்கத் தெருவில் தூவியிருந்த சரளையெல்லாம் காலடியில் நறநறத்தது. போன சனிக்கிழமை கட்டடத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்தோம். லிப்டில் தலை மட்டும் அசைத்த மூன்றாம் மாடிக்காரர் எனக்குத் துடைப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு காபி. பின்லாந்துக்காரர்கள் குடிக்கும் காபிக்கு அளவே இல்லை. ஆனால் வறுவல் மிகவும் லேசு, நீ அனுப்பிய பொடிதான் எனக்கு இன்னும் துணை.

மே முதல் தேதிப் பண்டிகைக்கு மும்மோ 'திப்பலேய்பா' என்ற பலகாரம் செய்தார். மாவை எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, மேலே சர்க்கரை தூவுகிறார்கள். தோற்றத்தில் அப்படியே நம் முறுக்கின் உறவு. என் முறுக்கு அச்சை எடுத்துப் போய்க் காட்டினேன். பித்தளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. என் கணவருடன் பணிபுரிபவர் ஜூன் முதல் வாரம் கோவை வருகிறார். அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்து விடுகிறேன். அதில் இரண்டு சிறு விரிப்புகள் இருக்கும். பழைய துணிகளை நாடா நாடாவாகக் கிழித்து, இங்குள்ள பொதுத் தறிக்கூடத்தில் மும்மோ நெய்தவை. ஊதா நாடாக்கள் அவருடைய பழைய ஏப்ரனிலிருந்து வந்தவை. ஒன்று உனக்கு. மற்றொன்று என் சேலையை நெய்தவருக்கு. சிறுமுகையில் நீ வாங்கிய கடையில் விசாரித்தால் தறி எங்கே என்று சொல்லிவிடுவார்கள். சேலையின் படத்தையும், அந்தக் கோடு விழுந்த இடத்தின் படத்தையும் தனியாக அனுப்புகிறேன்.

பார்த்ததும் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுது. நெய்தவர் ஆணா பெண்ணா? இவர்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், அதனால் மும்மோ இத்தனை மாதமாக ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரே சொல்லால் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, அந்த இடத்தில் தறியை விட்டு எதற்காக எழுந்து போனார் என்று நினைவிருக்கிறதா? நினைவிருக்காது என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கும், கேட்டுப் பார் என்கிறார்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
கடைசி பெஞ்சுத் தோழி