ஒரு சாதுச் சேவல் வேண்டும்

அன்புள்ள செல்விக்கு,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. நம் சோடாபுட்டி ரிட்டையர் ஆகிவிட்டாளாமே? இனி யாரை மிரட்டுவாள், பாவம்.

சரி, விஷயம் சேவல். சிரிக்காதே.

எங்கள் வீட்டு மகாராசா அத்தையை அடித்துவிட்டான். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரின் மேல் பின்னாலிருந்து பாய்ந்து, கெண்டைக்காலைத் தன் கால்முள்ளால் கிழித்துவிட்டான். தையல், டி.டி. ஊசி, தெருவே கூடிவிட்டது. "அவனைக் குழம்பு வைத்தால்தான் எனக்கு ஆறும்" என்றார் அத்தை. ஞாயிற்றுக்கிழமை வைத்தாயிற்று. முதல் துண்டு அவருக்குத்தான்.

வைகாசியில் மருமகள் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறானாம். அத்தைக்குக் காலில் பட்டது, அவனுக்கென்றால் கண்ணில் படும். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

"சேவலே வேண்டாம், முட்டை வரத்தானே போகிறது" என்கிறார் இவர். வரும். குஞ்சு வருமா? பருந்து வட்டமிட்டால் யார் குரல் கொடுப்பது? மகாராசா தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து ஓர் இழுப்பு இழுப்பான், அவ்வளவுதான், பெட்டைகள் அத்தனையும் கறிவேப்பிலைச் செடிக்கடியில் பதுங்கிவிடும். அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தான்.

அவனைக் கெடுத்தது இவர்தான். குஞ்சிலிருந்தே தோளில் ஏற்றி வளர்த்தார். ஆள் பயம் விட்டுப்போன சேவல், பருவம் வந்ததும் நம்மையும் போட்டிச் சேவலாக நினைக்கிறது. ஒரு இறக்கையைத் தரையில் உரசி அரைவட்டம் அடிக்குமே, பெட்டையிடம் அடித்தால் அது காதல். நம் காலைச் சுற்றி அடித்தால் சண்டைக்கு அழைப்பு. "எவ்வளவு பாசம் பார்!" என்று இவர் ரசித்துக்கொண்டிருந்தார்.

அதனால் உன் அண்ணன் தோப்பிலிருந்து எனக்கு ஒன்று வேண்டும். மடியில் வந்து உட்காரும் செல்லப்பிள்ளை வேண்டாம். ஆள் நடந்தால் இரண்டு எட்டு ஒதுங்கிப் போகிறவன்தான் வேண்டும். தீனி போட்டுவிட்டுக் கொஞ்சம் நின்று பார். தான் விழுங்காமல் 'கொக்கொக்' என்று பெட்டைகளைக் கூப்பிட்டு, கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் காட்டுகிறானா? அவன்தான் நம் ஆள். பெட்டைகளின் முதுகையும் பார். இறகு போய்ச் சதை தெரிந்தால் அவன் முரடன். ஆனால் இரண்டு மூன்று பெட்டைதான் இருக்கிறதென்றால் எந்தச் சேவல் மிதித்தாலும் அப்படித்தான் ஆகும், எட்டுப் பத்து இருக்கிற இடத்தில் பார்த்துச் சொல். வயது ஒன்று தாண்டியிருக்கட்டும். மூன்று நான்கு மாதத்தில் சாதுவாக இருப்பதை நம்பாதே, மீசை முளைக்கும் வரை எல்லாப் பையனும் நல்லவன்தான். அப்பன் சேவல் எப்படி என்றும் அண்ணனிடம் கேள், குணம் வழிவழியாக வருகிறது.

அய்யலூர் வியாழச் சந்தையில் மட்டும் வாங்கிவிடாதே. காலைக் கட்டிப் போட்டிருக்கையில் எல்லாச் சேவலும் ரிஷிதான். அப்புறம், சண்டைக்கு வளர்க்கிற பெரிய இனமான பெருவிடை வேண்டாம், சின்ன நாட்டு இனமான சிறுவிடை போதும். வேடிக்கை என்னவென்றால் சண்டைக்கு விடுகிற கட்டுச்சேவல்கள் பெரும்பாலும் ஆளிடம் பரமசாது. பிடித்தவன் கையையே கொத்துகிறதை யார் வளர்ப்பார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். ஆனால் இன்னொரு சேவலைக் கண்டால் விடாது, எதிர்வீட்டுக்காரரோடு எனக்குப் பஞ்சாயத்து ஆகும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டதா என்று மறக்காமல் கேள். வந்ததும் இரண்டு மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில்தான் வைக்கப்போகிறேன், அதனால் சித்திரை பிறந்ததும் அனுப்பிவிடு. அண்ணனைக் காசு வாங்கிக்கொள்ளச் சொல். அவர் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்த அச்சுமுறுக்குக் கடனே இன்னும் தீரவில்லை.

நிறம் எதுவானாலும் சரி, முழுக்கருப்பு மட்டும் வேண்டாம். அத்தை பார்த்த மறுநிமிடமே கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுவார்.

உன்,
வசந்தா