பாதி அழிந்த நாணயம்

திருவையாறு

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்து நான்கு இலை விட்டுவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம்.எஸ்சி. படித்தபோது நீ ஆய்வகத்தில் செய்து கொடுத்த ஹோலோகிராம், ஒளியால் பதித்த அந்த முப்பரிமாண நாணயப் படம், பாழாகிவிட்டது. ஜன்னல் திண்டில் வைத்திருந்தேன். ஐப்பசி அடைமழையில் ஓரத்துப் பசை விட்டுப்போயிருக்கிறது. சாய்த்தால் பச்சையாக எழுந்து நிற்குமே அந்த நாணயம், அதில் இப்போது பாதிதான் மிச்சம். மீதி வெறும் கண்ணாடி. மனசு ஆறவில்லை.

அதன் அருமை மகன் கேட்ட ஒரு கேள்வியில்தான் புரிந்தது. 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானத் தளத்துக்கு சுகோய் போர் விமான அணி வந்ததிலிருந்து எங்கள் வானத்தில் அடிக்கடி இரைச்சல்தான். "இந்த வேகத்தில் விமானி எப்போது மீட்டரைப் பார்ப்பார்?" என்று மகன் கேட்டான். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 250 மீட்டர். குனிந்து பார்த்து நிமிர்ந்து, கண் மறுபடி தூரத்துக்குப் பழகுவதற்குள் அரைக் கிலோமீட்டர் போயிருக்கும். அதனால்தான் எண்களை முகத்துக்கு நேரே கண்ணாடியில் காட்டுகிறார்கள். அதுவும் கதிர்களை இணையாக்கி, அடிவானத்தில் எழுதியதுபோல.

ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி மீதியை உள்ளே விடும் சாதாரணப் பாதிப் பூச்சுக் கண்ணாடியில் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் வெளியே மங்கும். சில போர் விமானங்களில் அதற்குப் பதில் ஹோலோகிராம் வைக்கிறார்கள். எண்களைக் காட்டும் திரையின் பச்சை, அலைநீளம் சுமார் 545 நானோமீட்டர், அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற நிறங்களை விட்டுவிடுகிறது. வளைந்த ஆடியின் வேலையையும் அந்தப் படலமே செய்வதால் பார்வைப் பரப்பும் விரிகிறது. அதன் வழியே பார்த்தால் உலகம் லேசாக இளஞ்சிவப்பு ஏறித் தெரியுமாம். நம் நாற்றங்காலின் பச்சையில் ஒரு கீற்று மட்டும் அங்கே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனையும் உன் நாணயத்தைப் போலவே டைகுரோமேட் என்ற உப்பை ஏற்றி ஒளி பதியும்படி செய்த ஜெலட்டின், மயிரிழையைவிட மெல்லிய படலம்! ஈரம் பட்டால் உள்ளே பதிந்த வரிகள் கலைந்துவிடும். அதனால்தான் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து அடைக்கிறார்கள். "ஓரத்தைப் பார்த்துக்கொள்" என்று நீ சொன்னது இப்போதுதான் உறைக்கிறது.

மீண்டும் நீரில் நனைத்து, ஆல்கஹாலில் உலர்த்தினால் அந்த நாணயம் திரும்பி வருமா? வரும் என்றால் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். உடனே எழுது.

உன் நண்பன்