பிரிவு 1326: அமெரிக்கக் காங்கிரஸின் நீதித்துறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

இந்த மடலைத் தமிழில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். உங்கள் வாக்காளர்களில் தமிழ் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இதைப் படித்துவிட்டு உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் எனக்கு அதுவே போதும்.

நாடு கடத்தப்பட்ட வெளிநாட்டவர் அனுமதியின்றித் திரும்பி வருவது குற்றம் என்கிறது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 1326ஆம் பிரிவு. 2 ஆண்டு வரை சிறை. முன்பே கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு 10 ஆண்டு, சில வகைக் குற்றங்களாக இருந்தால் 20 ஆண்டு வரை. எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதில் எனக்கு வழக்கில்லை. அந்தக் குற்றத்துக்கு அடிப்படையான நாடு கடத்தல் உத்தரவே தவறு என்றால், தண்டிக்கப்பட்டவர் அதை எங்கே போய் முறையிடுவார்?

1984 அக்டோபரில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் மெக்சிகோக்காரர்கள் இருவர் பிடிபட்டார்கள். டென்வருக்குக் கொண்டுபோய், மேலும் 11 பேரோடு சேர்த்து நிறுத்தி ஒரே விசாரணை. ஒருவருக்கும் வழக்கறிஞர் இல்லை. பிறகு எல்லை நகரமான எல் பாசோவுக்கு பஸ். நாட்டைவிட்டு அனுப்பும்போது ஆளுக்கொரு படிவம்: அனுமதியின்றித் திரும்பினால் குற்றம் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அச்சடித்திருந்தது. திரும்பினால் என்ன ஆகும் என்பதை அவர்களுடைய மொழியிலேயே சொல்லத் தெரிந்த அரசுக்கு, மேல்முறையீட்டு உரிமையை விளங்கும்படி சொல்லத் தெரியவில்லை. டிசம்பரில் இருவரும் அதே லிங்கனில் மறுபடியும் கைதானார்கள். மெண்டோசா-லோபஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நீதிமன்ற மறுஆய்வுக்கு வழியே இல்லாமல் போன உத்தரவை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கக் கூடாது என்றது.

1996இல் உங்கள் சபை அந்தக் கதவுக்கு மூன்று பூட்டுகளைப் போட்டது. நிர்வாக மேல்முறையீடுகளை எல்லாம் செய்து முடித்திருக்க வேண்டும்; நீதிமன்றத்துக்குப் போகும் வாய்ப்பு முறைகேடாகப் பறிக்கப்பட்டிருக்க வேண்டும்; உத்தரவும் அடிப்படையிலேயே அநீதியானதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆகாது என்று 2021இல் பாலோமார்-சாந்தியாகோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பாலோமார்-சாந்தியாகோ 1990இல் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கைக் காட்டி, அது வன்முறைக் குற்றம் என்று 1998இல் குடியேற்ற நீதிபதி அவரை வெளியேற்ற உத்தரவிட்டார். மேல்முறையீடு வேண்டாம் என்று சொன்னவரை மறுநாளே மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தகைய குற்றம் வன்முறைக் குற்றமாகாது, அதற்காக அவரை நாடு கடத்தியிருக்கவே கூடாது என்பது 2004இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பால் தெளிவானது. ஆனாலும் 1998இலேயே அவர் மேல்முறையீடு செய்திருக்க வேண்டுமாம். உச்ச நீதிமன்றம் ஆறு ஆண்டு கழித்துச் சொன்ன பதிலை, வெளியேற்றப்படும் ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்திருக்க வேண்டும்!

நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் எழுதி வைத்ததை அவர்கள் படித்தார்கள், அவ்வளவுதான்.

குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது. திரும்பி வந்து குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போதுதான் அரசு ஏழைக்கு ஒரு வழக்கறிஞரைத் தருகிறது. பழைய உத்தரவில் உள்ள ஓட்டையை முதன்முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அந்த வழக்கறிஞர்தான். காலம் கடந்துவிட்டது என்பதே அவருக்குக் கிடைக்கும் பதில். தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் இந்த வழக்குகளில் பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்கு ஈடாக மேல்முறையீட்டு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உத்தரவு பற்றிய கேள்வியை மட்டும் மேல்முறையீட்டுக்காக ஒதுக்கிவைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வழியுண்டு. அதற்கு அரசுத் தரப்பின் சம்மதம் வேண்டும். எதிர்த்தரப்பிடமே அனுமதி வாங்கி வழக்காடுவதை எந்த ஊர் நியாயம் என்பது?

நீதிபதி முன் விசாரணையின்றி உடனே வெளியேற்றும் விரைவு வெளியேற்றம் இன்னும் மோசம். அங்கே பெரும்பாலும் எல்லை அதிகாரியே உத்தரவு போடுகிறார். அதே உத்தரவைக் காட்டி ஒருவர்மீது 1326இன் கீழ் வழக்குப் போட்டாலும் அது செல்லுமா என்று நீதிமன்றம் கேட்கக் கூடாது என்று நீங்களே 1225ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தடை அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2011இலேயே ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தடை இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவருக்கு விரைவு வெளியேற்ற உத்தரவை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போடவும் உரிமையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். முன்வாசலும் அடைப்பு, பின்வாசலும் அடைப்பு.

நான் கேட்பது பெரிதல்ல. உத்தரவு சட்டப்படி தவறு என்று நிறுவப்பட்டால் அதுவே போதும், மற்ற இரண்டு நிபந்தனைகளும் தடையாக நிற்கக் கூடாது என்று 1326ஐத் திருத்துங்கள். 1225இல் உள்ள தடையை நீக்குங்கள். ஒப்புதல் பேரத்தில் இந்த ஒரு கேள்வியையாவது அரசு விலைக்கு வாங்க முடியாதபடி செய்யுங்கள். மூன்றுக்கும் புதிய அலுவலகமோ புதிய செலவுத் திட்டமோ தேவையில்லை. வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் ஏற்கெனவே அதே கூடத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு தமிழ் வாசகர்