செயலாளரின் ஆண்டறிக்கை: கல்லடியிலிருந்து கப்பலுக்கு ஆகும் கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, எமது ஓய்வூதியர் சங்க அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்றுவரையான நடவடிக்கைகளைச் சபை முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மரண உதவிக் கொடுப்பனவுகள் அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. கண் பரிசோதனை முகாமுக்கு அங்கத்தவர்களைவிட அவர்களது அயலவர்களே கூடுதலாக வந்தார்கள்; அதில் எமக்கு வருத்தமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே மிகுதி நேரத்தை, இவ்வாண்டு நிர்வாக சபையைப் பாடாய்ப்படுத்திய ஒரே விடயத்துக்கு ஒதுக்குகிறேன்: கப்பல் சுற்றுலா.

2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோனபோதே இந்த ஆசை முளைத்துவிட்டது. கதிர்காமமும் நுவரெலியாவும் எத்தனை தரம் போவது என்ற குரல் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டது. சென்ற பொதுக்கூட்டத்தில் அது தீர்மானமாகவே வந்தது. முதலில் செலவைக் கணக்குப் பார்ப்போம், ஆசை எங்கேயும் ஓடிவிடாது என்று தலைவர் ஒரு உபகுழுவை நியமித்தார்.

மட்டக்களப்பாருக்குப் பெரிய கப்பல் என்றால் கல்லடிக் கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 183 மீற்றர். எம்பிரஸ் 211 மீற்றர். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் ட்ரீம் 335 மீற்றர். இந்த அளவுகளைக் கரும்பலகையில் எழுதியபோது மண்டபத்தில் ஆர்வம் கூடியது. அடுத்த கூட்டத்தில் விலைகளை எழுதியபோது குறைந்தது.

விலைக்கு வருகிறேன். கொழும்பு முகவர் ஒருவர் அனுப்பிய தாளில் கட்டணம் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக்குறி. மகளிர் பிரிவுப் பொறுப்பாளர் அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அந்த நட்சத்திரத்தைத் தேடித் தாளின் அடிக்குப் போனார். "தம்பி, இது ரெண்டு பேர் ஒரு அறையில இருந்தா ஆளுக்கு. துறைமுக வரி சேரயில்ல. பணியாளர் கொடுப்பனவு சேரயில்ல. விமானமும் சேரயில்ல. மறுகா என்னதான் சேர்ந்திருக்கு?" என்று கேட்டார். உபகுழுவின் வேலை உண்மையில் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

சேர்ந்திருப்பவை இவை: அறை, பிரதான சாப்பாட்டு மண்டபத்திலும் பஃபேயிலும் மூன்று வேளைச் சாப்பாடு, பஃபேயில் தண்ணீர், தேநீர், கோப்பி, இரவு நிகழ்ச்சிகள், நீச்சல் தடாகம். சைவச் சாப்பாடு முற்கூட்டியே சொல்லிவைத்தால் கிடைக்கும். தனியான விசேட உணவகங்கள், குளிர்பானம், மது, இணையம், துணி வெளுப்பு, கரைச்சுற்றுலா, வைத்தியர் எல்லாம் வேறு காசு. பானங்களுக்கு மேலே சேவைக் கட்டணமும் ஏறும். சில கம்பனிகளில் அது 18 சதவீதம். அயன் பெட்டியும் கேத்திலும் வயர் நீட்டியும் கப்பலில் ஏற்றவே விடமாட்டார்கள், தீப்பயம் காரணம். அயன் பண்ணாத சேலையோடு நாலு நாள் எப்படி என்ற கேள்விக்கு உபகுழுவிடம் பதில் இல்லை.

பணியாளர் கொடுப்பனவு, அதாவது கப்பல் ஊழியருக்கான டிப்ஸ் பற்றித்தான் அதிகம் வாதப்பட்டோம். பெரிய கம்பனிகள் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டொலர் வரை தாங்களாகவே கணக்கில் ஏற்றிவிடும். விரும்பினால் கொடுக்கும் சந்தோசம் என்று அதை நினைத்துக்கொண்டு போனால், கடைசி நாள் கதவடியில் வரும் பில்லைப் பார்த்துத்தான் திகைக்க வேண்டும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு ஓடிவரும் கப்பலில், சன்னல் இல்லாத உள்ளறை, இருவர் பகிர்ந்து, ஆளுக்கு 400 டொலர் என்று வைத்துக்கொண்டோம். கணக்குக்காக எடுத்த தொகைதான் இது. திகதியைப் பொறுத்து ஏறும், இறங்கும். துறைமுக வரிக்கு 80, பணியாளர் கொடுப்பனவு நாளுக்கு 18 டொலர்படி மூன்று இரவுக்கு 54, காப்புறுதிக்கும் வீசாவுக்கும் 60, கட்டுநாயக்கவிலிருந்து விமானம் போய்வர 350, முதல் நாள் இரவு சிங்கப்பூரில் ஹோட்டலில் பகிர்ந்து தங்க 60, இறங்கும் துறைமுகங்களில் 60, கப்பலில் கைச்செலவுக்கு 30. கூட்டினால் 1,094 டொலர். டொலரை 300 ரூபா என்று எடுத்தால் 328,200 ரூபா. கல்லடியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வானில் போய்வரத் தலைக்கு 10,000. ஆக 338,200 ரூபா. விளம்பரத் தாளில் இருந்த 400 டொலர் 120,000 ரூபாதான். அதாவது கொட்டை எழுத்தில் இருந்தது செலவின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல்; மிச்சம் முழுக்க நட்சத்திரத்துக்குக் கீழே.

அவசரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 372,000 ரூபா. 24 மாதம், மாதம் 15,500 ரூபா போட்டால் அது சேரும். பென்ஷனை மட்டும் நம்பியிருக்கிறவருக்கு அது சின்னக் காசு இல்லை என்று எமக்குத் தெரியும். அதனால்தான் உபகுழு ஒரு வருடத் திட்டத்தைக் கைவிட்டு இரண்டு வருடத் திட்டத்தைச் சிபாரிசு செய்கிறது.

பொருளாளர் இங்கே ஒரு முக்கியமான விடயத்தைக் காட்டினார். டொலர் 300இலிருந்து 330க்குப் போனால் மொத்தச் செலவு 371,020 ரூபாவாகிவிடும். அதாவது நாங்கள் அவசரத்துக்கென்று வைத்த 10 சதவீதத்தையும் நாணயமாற்று ஒன்றே விழுங்கிவிடும். காய்ச்சல் வந்தாலோ விமானம் பிந்தினாலோ எடுக்க எதுவும் இருக்காது. இது வெறும் பயம் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை நாங்கள் எல்லோரும் கண்டோம். ஆகவே கப்பல் கட்டணத்தையும் விமான டிக்கட்டையும் கடைசிவரை இழுக்காமல், காசு சேரச் சேர முதலில் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. நான் அதை முழுமையாக ஆதரிக்கிறேன். முற்பணம் கட்டினால் மிச்சத்தைப் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே முடிக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு விலகினால் பெரும்பகுதி திரும்பாது என்பதையும் பெயர் கொடுப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியாக வாழும் அங்கத்தவர்கள் பற்றி. கப்பல் அறைக்கு விலை இரண்டு பேருக்குத்தான். ஒருவர் தனியே எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். எங்கள் கணக்கில் அது மேலும் 400 டொலர், அதாவது 120,000 ரூபா. எமது சங்கத்தில் துணையை இழந்தவர்கள் பலர். அவர்களைத் தனி அறைக்குத் தள்ளிவிட்டு 'வசதி உள்ளவர் வரட்டும்' என்று சொல்வதை நிர்வாக சபை ஏற்கவில்லை. பெயர் கொடுக்கும்போதே யாரோடு அறை பகிரலாம் என்று மூன்று பெயர்களை எழுதித் தருமாறு கேட்கிறோம். குறட்டை விடுபவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மகளிர் பிரிவு தனியாகவே ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அது கைதட்டலோடு ஏற்கப்பட்டது. ஒரே அறையில் ஒருவர் மதுப் பொதி (ட்ரிங்ஸ் பக்கேஜ்) வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்ற விதி பல கம்பனிகளில் உண்டு. சோடியைத் தெரிவுசெய்யும்போது இதையும் யோசிக்கவும். மேற்கொண்டு நான் விளக்கத் தேவையில்லை.

8 அறைகளோ அதற்கு மேலோ எடுத்தால் பல கம்பனிகள் குழு முன்பதிவாகக் கொள்ளும். 16 பேருக்கு ஒரு இடத்தை இலவசமாகக் கணக்கிடும் கம்பனிகளும் உண்டு. அந்த இடம் யாருக்கு என்று ஒரு அங்கத்தவர் எழுந்து கேட்டபோது சபை திடீரென அமைதியானது. தலைவருக்கும் இல்லை, செயலாளருக்கும் இல்லை. அந்தத் தொகை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்படும் என்று நிர்வாக சபை ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. சங்கத்தின் பொது நிதியிலிருந்தும் மரண உதவி நிதியிலிருந்தும் இந்தப் பயணத்துக்கு ஒரு சதமும் எடுக்கப்படமாட்டாது என்பதும் கூட்டறிக்கையில் பதியப்பட்டுள்ளது. கப்பல் சேமிப்புக்குத் தனி வங்கிக் கணக்கு, கையொப்பம் மூவர்.

எந்தக் கப்பல் என்பதில் இரண்டு தெரிவுகள். சென்னைக் கப்பலுக்குப் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, தமிழில் பேசிச் சமாளிக்கலாம், சாப்பாடு நாக்குக்குப் பழக்கம். ஆனால் சென்னையிலிருந்து புறப்பாடு வருடம் முழுக்க இல்லை. வெளிநாட்டுத் துறைமுகம் போய்த் திரும்பச் சென்னையில் இறங்குவதால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நுழையக்கூடிய இந்திய வீசா வேண்டும். அதோடு, இலங்கைத் துறைமுகத்துக்கே வரும் கப்பலில் ஏற நாங்கள் சென்னைக்குப் போவதா என்ற பகிடியும் எழுந்தது. சிங்கப்பூருக்குக் குறுகிய பயணத்துக்கு எமக்கு வீசா தேவையில்லை. வருகை அட்டையைப் போய்ச் சேர முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும், அது இலவசம்; காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். மலேசியத் துறைமுகங்களுக்கு வீசா விடயம் தனியே பார்க்கப்பட வேண்டும். கரையில் இறங்கமாட்டேன் என்று சொன்னாலும் ஏறும்போதே கேட்பார்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல் என்பதாலும் உபகுழு சிங்கப்பூர்ப் பக்கமே சாய்கிறது. கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த் தட்டில் ஆட்டம் குறைவு, விலையும் பெரும்பாலும் அங்கேதான் குறைவு. பல்கனிக்காகக் கூடக் கொடுக்க விரும்புபவர்கள் தங்கள் சொந்தக் காசில் கொடுக்கலாம்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன், டிசம்பர் மாதங்கள் சிங்கப்பூரில் பாடசாலை விடுமுறை, கட்டணம் உச்சியில் நிற்கும். டிசம்பரில் எமக்கோ மாரி. போகும் வழியில் மன்னம்பிட்டியில் வெள்ளம் வீதியை மூடினால் கப்பல் எங்களுக்காகக் காத்திருக்காது. மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் பின்னால், மாரி தொடங்க முன்னால் ஒரு கிழமை தேடினால் ஒக்டோபர் முற்பகுதிதான் மிஞ்சுகிறது. புறப்பாட்டுக்கு ஒரு நாள் முன்னரே சிங்கப்பூர் போய்ச் சேருவதற்கான ஹோட்டல் செலவை வெட்டச் சொன்னவர்களுக்கும் இதே பதில்தான்.

மருந்து விடயம் கடைசி. கப்பலில் வைத்தியர் இருக்கிறார், ஆனால் இலவசம் இல்லை. பில் அங்கேயே கணக்கில் ஏறும். கடுமையானால் கரை ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவு காப்புறுதியில் அடங்கியிருக்க வேண்டும். பிரஷர், சீனி வருத்தங்களை மறைத்துக் காப்புறுதி எடுத்தால் தேவைப்படும் நாளில் ஒரு சதமும் வராது. பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். ஆகவே மருந்தும் வைத்தியரின் துண்டும் கைப்பையில் இருக்க வேண்டும். கப்பல் கடலில் இறங்கியதும் கைத்தொலைபேசியை 'ஏரோபிளேன் மோட்'டில் போட்டுவிட வேண்டும். கடல் வலையமைப்பு தானாகவே பிடித்துப் பெரிய பில் தரும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் பக்கமே போக விரும்பாத அங்கத்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று தலைவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வருடாந்த பஸ் சுற்றுலா வழமைபோல் தொடரும். கப்பலைக் காரணம் காட்டி அது நிறுத்தப்படமாட்டாது.

இன்று சபை தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: இரண்டு வருடச் சேமிப்புத் திட்டத்தை ஏற்பதா, சிங்கப்பூரா சென்னையா. ஏற்கப்பட்டால் பெயர்ப் படிவம் இந்த மண்டபத்திலேயே பொருளாளரிடம் கிடைக்கும். கடவுச்சீட்டின் பிரதி, அறை பகிர மூன்று பெயர்கள், முதல் மாதத் தவணை 15,500 ரூபா ஆகியவற்றோடு அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன் ஒப்படைக்கவும். பேரப்பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்ற கேள்வி இன்னும் விவாதத்தில் உள்ளது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்